ஒரு வேலையாகப் போகிறேன்

எங்கள் பக்கத்தில் வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து "எங்கே போறே?" என்று கேட்க மாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும் என்பார்கள். தெரிந்தே ஆகவேண்டும் என்றால் "தூரமா?" என்று கேட்பது வழக்கம். அதற்கும் நேராகப் பதில் வராது. "ஒரு வேலையா போறேன்" என்று சொல்லிவிட்டு நடப்பார்கள். சந்தைக்குப் போனாலும் அதுதான் பதில், சாவுக்குப் போனாலும் அதுதான்.

எனக்கு இந்தப் பதில் சிறு வயதிலிருந்தே மிகவும் வசதியாக இருந்தது. நாலு பேர் எதிரில் நின்று பேச எனக்கு வராது. யாராவது உற்றுப் பார்த்தால் கண் தானாகக் கீழே போய்விடும். பேருந்தில், கடையில், ரேஷன் வரிசையில் யார் என்ன கேட்டாலும் "ஒரு வேலையா வந்தேன்" என்றால் போதும், அதற்குமேல் கேட்க மாட்டார்கள். நாற்பத்தேழு வயதுவரை அந்த வார்த்தை எனக்குக் குடைபோல இருந்தது. அது எல்லா இடத்திலும் செல்லாது என்பது மீனம்பாக்கம் விமான நிலையத்தில்தான் தெரிந்தது.

எங்கள் கிராமம் கீழ்பென்னாத்தூர் பக்கம். எனக்கு வேலை திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைத் தாண்டி இருக்கிற ஒரு தங்கும் விடுதியில். அறைகளைச் சுத்தம் செய்வது, மோட்டார் போடுவது, சாவி கொடுப்பது, வாங்குவது எல்லாம் நான்தான். வந்து இறங்குகிற வெள்ளைக்காரர்களிடம் பாஸ்போர்ட்டை வாங்கி முதலாளியிடம் கொடுப்பதும் என் வேலை. அவர் அதைக் கணினியில் ஏற்றி முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவேன். சிவப்பு, நீலம், பச்சை என்று எத்தனையோ நாட்டுப் பாஸ்போர்ட்டுகள் என் கை வழியாகப் போயிருக்கின்றன. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாது. படத்தை மட்டும் பார்ப்பேன். எந்த நாட்டுக்காரனும் பாஸ்போர்ட் படத்தில் சிரிப்பதில்லை.

என் தங்கச்சியை மலேசியாவில் கொடுத்திருக்கிறோம். கிள்ளானிலிருந்து ஒரு குடும்பம் கிரிவலத்துக்கு வந்து அந்த விடுதியில் தங்கியிருந்தது. எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த தங்கச்சியைப் பார்த்துவிட்டு அவர்களே கேட்டார்கள். அப்படி நடந்த கல்யாணம். அவளுக்கு இரண்டு பெண்கள். பெரியவள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. ஆதார் அட்டையில் என் பெயருக்கு ஒரு எழுத்து, ரேஷன் அட்டையில் வேறு எழுத்து. அதைச் சரிசெய்து பாஸ்போர்ட் வருவதற்குள் முகூர்த்தம் முடிந்துவிட்டது. எங்கள் வழக்கப்படி மணவறையில் பெண்ணின் நெற்றியில் தாய்மாமன்தான் பட்டம் கட்டவேண்டும். தங்கச்சி புருஷனுக்குச் சித்தப்பா முறையில் யாரோ ஒருவர் கட்டினாராம். "பொண்ணுக்கு மாமன் இருக்கானா, இல்ல சும்மா சொல்றீங்களா?" என்று சம்பந்தி வீட்டில் ஒரு அம்மாள் கேட்டுவிட்டாள். தங்கச்சி போனில் அதைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

இப்போது சின்னவளுக்குக் கல்யாணம். தங்கச்சிக்கு இதற்குமேல் பெண் இல்லை, எனக்கும் இதற்குமேல் தங்கச்சி மகள் இல்லை. இந்த முறை நான் அந்த மணவறையில் நின்றே ஆகவேண்டும்.

பாஸ்போர்ட் கையில் இருந்தது. முதலாளி அதை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஏம்பா, இதுல ஈசிஆர்னு அடிச்சிருக்கான் பாரு."

"அப்படினா இன்னாணா?"

"வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனா ஆபீசருங்க தனியா விசாரிச்சிட்டுத்தான் அனுப்பணும்னு அர்த்தம். பத்தாவது பாஸ் பண்ணியிருந்தா இது வராது. அம்பது வயசு தாண்டியிருந்தாலும் வராது. உனக்குப் படிப்பும் பத்தல, வயசும் பத்தல."

"நான் வேலைக்குப் போகலயே."

"போகல இல்ல, அதனால ஒண்ணும் ஆகாது. போக வர டிக்கெட் இருக்குதா, தங்கற விலாசம் இருக்குதா, கைச்செலவுக்கு இருக்குதா, அவ்ளோதான் பாப்பாங்க."

"விசா எப்பணா வரும்?"

"விசாவே வாணாம்பா. நம்மாளுங்களுக்கு இப்ப மலேசியாக்கு விசா இல்லாம ஒரு மாசம் போகலாம். கெளம்பறதுக்கு முன்னாடி, இன்னார் வர்றேன்னு கம்ப்யூட்டர்ல ஒரு கார்டு மட்டும் போடணும். மூணு நாளுக்கு முன்னாடிதான் போட முடியும். நான் பாத்துக்கறேன்."

எனக்கு நிம்மதி போனது அந்த நிமிஷத்தில்தான். விசாவுக்கு அலையச் சொல்லியிருந்தால் அலைந்திருப்பேன். வரிசையில் நிற்கச் சொன்னால் நின்றிருப்பேன். ஒன்றும் வேண்டாம் என்றால் எதைப் பிடித்துக்கொண்டு இருப்பது? ரேஷன் கடையில் ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் வாங்குவதற்கே அட்டை கேட்ட நாட்டில் இருந்து இன்னொரு நாட்டுக்குள் கையை வீசிக்கொண்டு போகலாம் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. விடுதியில் தங்குகிறவர்கள் விசா முடியப் போகிறது என்றால் எப்படித் தவிப்பார்கள் என்று பார்த்திருக்கிறேன். தியானம் செய்ய வந்தவர்கள்தான். கடைசி வாரத்தில் வராந்தாவில் போனும் கையுமாக இப்படியும் அப்படியும் நடப்பார்கள். இப்போது அதே வராந்தாவில் துடைப்பத்தோடு நான் நடந்தேன். பெருக்கின இடத்தையே திரும்பப் பெருக்கினேன். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்து, தொட்டி வழிந்து முதலாளியிடம் திட்டு வாங்கினேன்.

நாள் நெருங்கியதும் அவர் அந்தக் கார்டைப் போட்டு அச்செடுத்துக் கொடுத்தார். டிக்கெட், தங்கச்சி வீட்டு விலாசம், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்தார். பிறகு என்னை நாற்காலியில் உட்காரவைத்து அதிகாரி மாதிரிக் கேட்டார்.

"எதுக்குப் போறீங்க?"

நான் கீழே பார்த்தேன்.

"இப்படிக் கீழ பாத்தியானா திருடன்னு நெனச்சிக்குவான். நிமிந்து பாரு. சும்மா சுத்திப் பாக்கப் போறேன்னு சொல்லு. டூரிஸ்ட்டுன்னா சும்மா போறவன்தான்."

"சும்மாவா?"

"ஆமா. இங்க வர்ற வெள்ளைக்காரன்லாம் இன்னாத்துக்கு வரான்? சும்மா இருக்கத்தான வரான். நீ சும்மா சுத்தப் போறேன்னு சொல்லு."

எனக்கு அது பிடிக்கவில்லை. தங்கச்சி மகள் கல்யாணத்துக்குச் சீர் எடுத்துக்கொண்டு போகிற தாய்மாமன் சும்மா போகிறேன் என்று சொன்னால் எப்படி? சம்பந்தி வீட்டு அம்மாள் சொன்னதும் அந்தச் சொல்தானே. முதலாளியிடம் அதைச் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

கிளம்புகிற காலையில் மனைவி பட்டத்தை மஞ்சள் துணியில் முடிந்து என் சட்டையின் உள்பையில் வைத்து ஊக்குப் போட்டாள். மெல்லிய தங்கத் தகடு, இரண்டு பக்கமும் மஞ்சள் நூல். திருவண்ணாமலையில் பத்தரிடம் சொல்லிச் செய்தது. அவள் வரவில்லை. மாடு இன்றோ நாளையோ கன்று போடுகிற நிலையில் இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் தாண்டும்போது எதிர்வீட்டு அம்மாள் கோலமாவுக் கிண்ணத்தோடு நிமிர்ந்தாள்.

"பெட்டியெல்லாம் பெருசா இருக்குது. எங்க கெளம்பிட்ட?"

"ஒரு வேலையா போறேன்க்கா."

மனைவி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். உட்காரவைத்து ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி, "சில பேருக்கு வாயி சும்மா இருக்காது" என்றாள். நான் தண்ணீரைக் குடித்துவிட்டு மறுபடி கிளம்பினேன். அடுத்த முறை எதிர்வீட்டு அம்மாள் குனிந்து கோலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேருந்தில் சென்னை கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேரும்வரை உள்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விமானம் மாலையில்தான். மதியத்துக்கு முன்பே விமான நிலையத்தில் இருந்தேன். உட்கார முடியவில்லை. எழுந்து கழிப்பறைக்குப் போவேன், வந்து உறையைத் திறந்து தாள்களைப் பார்ப்பேன், மூடுவேன். விமானக் கம்பெனிப் பெண் பெட்டியை வாங்கிக்கொண்டு திரும்பிவருகிற டிக்கெட்டையும் கார்டையும் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் சீட்டுக் கொடுத்தாள். இவ்வளவுதானா என்று கொஞ்சம் தைரியம் வந்தது.

அடுத்தது குடியேற்றப் பிரிவு. வரிசை நகர நகர "சும்மா சுத்திப் பாக்கப் போறேன்" என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அந்தச் சும்மா தொண்டையில் நின்றது. கவுண்டரில் இருந்தவர் வடநாட்டுக்காரர், சின்ன வயது. பாஸ்போர்ட்டைப் புரட்டினார், கடைசிப் பக்கத்தில் நிறுத்தினார். இந்தியில் ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும், தமிழ் கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று காட்டுகிற மாதிரிச் சிரித்துக்கொண்டு கேட்டார்.

"எங்கே போறே?"

வேறு எப்படிக் கேட்டிருந்தாலும் சமாளித்திருப்பேன். அந்தக் கேள்விக்கு என் வாய் என்னைக் கேட்காமல் பதில் சொல்லிவிட்டது.

"ஒரு வேலையா போறேன் சார்."

அவருக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில் அந்த வார்த்தையும் இருந்தது. "வேலை?" என்றார். சிரிப்புப் போய்விட்டது. கடைசிப் பக்கத்தை விரலால் தட்டினார். "ஒர்க்?"

"நோ சார். சும்மா" என்றேன். அப்போது வந்து நின்றது அந்தச் சும்மா. காலம் கடந்து வந்ததால் அதுவே பொய் மாதிரி ஆகிவிட்டது. அவர் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு ஒரு காவலரைக் கூப்பிட்டு என்னைப் பக்கத்து அறைப் பக்கம் அனுப்பினார்.

அறைக்கு வெளியே நாற்காலிகளில் ஏற்கெனவே சிலர் இருந்தார்கள். என் வயதுக்காரர் ஒருவர், தெற்கத்தி ஆள், நகர்ந்து இடம் கொடுத்தார்.

"எந்தக் கம்பெனிண்ணே?" என்றார் மெதுவாக.

"கம்பெனி இல்லைங்க. தங்கச்சி மக கல்யாணம்."

அவர் என்னைப் பார்த்து மெச்சுகிறவர்போலத் தலையாட்டினார். "நல்லா இருக்குண்ணே. நமக்கெல்லாம் ஏஜென்டு ஊர் சுத்திப் பாக்கன்னு சொல்லிக் குடுத்தான், எவனும் நம்ப மாட்டேங்கறான். நீங்க அதையே கெட்டியாப் புடிச்சுக்கங்க. மாத்திடாதீங்க."

"நெசமாத்தாங்க."

"அப்படித்தான். முகத்தையும் இப்படியே வச்சுக்கங்க."

பொய் சொல்ல வந்திருக்கிற ஒருவருக்கே என் உண்மை நல்ல பொய்யாகத் தெரிகிறது என்றால், உள்ளே இருக்கிற அதிகாரிக்கு என்னவாகத் தெரியும்? சுவரில் கடிகாரம் இருந்தது. அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு அதையே பார்த்தேன். ஏதோ ஒரு விமானத்துக்குக் கூப்பிடுவது கேட்டது. என்னுடையதா என்று புரியவில்லை. எழுந்தேன், காவலர் கையைக் காட்டினார், உட்கார்ந்தேன். நாளைக் காலை மணவறையில் மறுபடி அந்தச் சித்தப்பா எழுந்து வருகிற மாதிரி தோன்றிக்கொண்டே இருந்தது.

என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே மேசைக்குப் பின்னால் ஒரு அம்மா. தமிழ்க்காரர் என்று பார்த்ததும் தெரிந்தது. ஆனாலும் பேச்சில் கனிவு எதுவும் இல்லை. உறையிலிருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பத்திரிகையை எடுத்துத் தனியாகத் தள்ளி வைத்தார்.

"இந்த மாதிரி பத்திரிகை நான் தெனமும் பாக்கறேன். அச்சாபீஸ்ல ஒரு மணி நேரத்துல அடிச்சிக் குடுத்துடுவான். தங்கச்சி நம்பர் இருக்கா? போடுங்க."

போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அங்கே நலங்கு நடந்துகொண்டிருக்கும். போன் எந்த மூலையில் கிடக்கிறதோ.

"டிக்கெட்டு, கார்டு எல்லாம் சுத்திப் பாக்கப் போறவர் மாதிரி இருக்குது. வாயி மட்டும் வேலைக்குப் போறேன்னு சொல்லுது. எதை நம்பறது? ஏன் அப்படிச் சொன்னீங்க?"

எனக்குக் காரணம் தெரியும். அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. அப்படிக் கேட்கக் கூடாது, கேட்டால் இப்படித்தான் சொல்வோம் என்று ஒரு அதிகாரியிடம் எப்படிச் சொல்வது? எதையோ எழுதிக்கொண்டிருந்த அவருடைய பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலாளி சொன்ன மாதிரித் திருடனைப்போலத்தான் நின்றிருப்பேன்.

அப்போது போன் அடித்தது. தங்கச்சிதான்.

"எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க" என்றார் அந்த அம்மா.

போட்டேன். பின்னால் பெண்கள் பாடுகிற சத்தம். அதற்குமேல் தங்கச்சி குரல்.

"எங்கணா இருக்க?"

"ஒரு வேலையா இருக்கேன்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அந்த அம்மாவின் பேனா நின்றுவிட்டது.

"இன்னா வேலை? ஏரோப்ளேன் ஏறினியா இல்லியா? எங்க இருக்கனு கேட்டா எப்பப் பாத்தாலும் இதையே சொல்லு. கக்கூஸ்ல இருந்தாலும் ஒரு வேலையா இருக்கேன்னு சொல்றவன் நீ. பட்டம் எடுத்துக்கினியா? இங்க எங்க வீட்டுக்காரரோட சித்தப்பா இப்பவே பட்டு வேட்டி கட்டிக்கினு ஒக்காந்திருக்காரு, தெரியுமா?"

"எடுத்துக்கினேன்" என்றேன். என் கை தானாக உள்பைக்குப் போனது. ஊக்கு சீக்கிரம் கழலவில்லை. கழற்றி, மஞ்சள் துணியைப் பிரித்து, பத்திரிகை பக்கத்தில் வைத்தேன். அந்த அம்மா அதைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தார்.

போனை வைத்த பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "தூரமா?" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஆமாங்க மேடம். கொஞ்சம் தூரம்."

"கவுண்டர்ல அவர் எங்க போறேனு கேட்டாரா?"

தலையாட்டினேன்.

"எங்க அம்மா இன்னிக்கும் நான் டூட்டிக்குக் கெளம்பறப்ப யாராவது எங்கனு கேட்டா, உள்ள இழுத்து உக்கார வெச்சிட்டுத்தான் அனுப்பும். இங்க வந்து நாள் பூரா வர்றவங்க எல்லாரையும் எங்க போறீங்கனு கேக்கறதே என் பொழப்பு. எத்தன பேரு காரியத்தக் கெடுத்தேனோ." சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டே சொன்னார். பிறகு, "மறுபடி அதே கவுண்டருக்குத்தான் போகணும். கேட்டா என்ன சொல்வீங்க?"

"சும்மா சுத்திப் பாக்க."

"சும்மா எதுக்கு? கல்யாணத்துக்குப் போறேன்னு சொல்லுங்க. சொந்தக்காரங்களப் பாக்கப் போறதும் டூரிஸ்ட்டு கணக்குலதான் சேத்தி. மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல."

முதலாளி ஒரு பதில் சொல்லிக் கொடுத்தார், என் வாய் ஒரு பதில் சொன்னது. இரண்டுக்கும் நடுவில் இவ்வளவு சின்னதாக ஒரு பதில் இருந்தது எனக்குத் தோன்றவே இல்லை. பட்டத்தை முடிந்து எடுத்துக்கொண்டேன். வெளியே அந்தத் தெற்கத்திக்காரர் கட்டைவிரலை உயர்த்தினார். "நான் சொன்னேன்ல" என்றார். அவரை அன்று அனுப்பினார்களா, திருப்பினார்களா என்று தெரியாது. அவ்வப்போது அவர் முகம் நினைவுக்கு வருகிறது.

கவுண்டரில் அந்தத் தம்பி ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினார். விமானத்தில் கடைசியாக ஏறியது நான்தான் என்று நினைக்கிறேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வழியெல்லாம் "கல்யாணத்துக்கு, கல்யாணத்துக்கு" என்று சொல்லிக்கொண்டே போனேன். ஜன்னல் வழியாக என்ன தெரிந்தது என்று மனைவி பிறகு கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கோலாலம்பூரில் முக்காடு போட்ட ஒரு பெண் அதிகாரி. இரண்டு ஆள்காட்டி விரலையும் கண்ணாடியில் வைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். வைத்தேன். என் விரல் ரேகை துடைப்பம் பிடித்துத் தேய்ந்து போனது, இரண்டு முறை அழுத்தவேண்டி இருந்தது. முத்திரை குத்திப் பாஸ்போர்ட்டை நீட்டினார். ஒரு கேள்வியும் இல்லை. நான் நகரவில்லை. "கல்யாணத்துக்கு" என்றேன். அவர் புரியாமல் புருவத்தை உயர்த்தினார், பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

வெளியே தங்கச்சி புருஷனோடு நின்றிருந்தாள். வீட்டுக்குப் போகிற வழியில் நடந்ததைச் சொன்னேன். அது நான் செய்த தப்பு. விடிவதற்குள் அந்த வீட்டில் இருந்த எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை கோயில் மண்டபத்தில் ஐயர் "பொண்ணுக்குத் தாய்மாமன் வாங்கோ" என்று கூப்பிட்டார். நான் மணவறைக்கு எழுந்து போனேன். அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். பட்டு வேட்டி கட்டிய சித்தப்பாவும் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டத்தை நெற்றியில் வைத்துப் பின்பக்கம் நூலை இழுத்தேன். பூச்சரத்துக்குள் நூல் நழுவிக்கொண்டே இருந்தது. குனிந்திருந்த பெண், தலையைத் திருப்பாமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"மாமா, சும்மா வந்தீங்களா, வேலையா வந்தீங்களா?"

"வேலையாத்தாம்மா வந்தேன்" என்றேன். "தலையை ஆட்டாத."

முடிச்சு விழுந்தது. கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. தங்கச்சி வந்து நிமிர்த்தி வைத்தாள்.